ஊர் திரும்பக் கால் நூற்றாண்டு: உதைபந்தாட்ட வீரர் புஸ்காஸின் வாழ்க்கை

ஒடென்சே நகரில் வாழும் நம்மவர்களுள் உதைபந்தாட்டத்தில் ஈடுபாடு கொண்டோர் 1994 டிசெம்பர் மாதத்தை மறந்திருக்கமாட்டார்கள். ஓ.பி. என்று அழைக்கப்படும் இந்நகர அணி, சொந்த மைதானத்தில் ரியல் மாட்ரிட் அணியிடம் 2–3 எனத் தோற்றபின், மாட்ரிட்டுக்கே சென்று 2–0 என வென்று, அந்தப் பெருங்கழகத்தை யூஈஎப்ஏ கிண்ணச் சுற்றுப்போட்டியிலிருந்து வெளியேற்றியது அந்த மாதத்திலேதான். ஆயினும் ரியல் மாட்ரிட் ஒடென்சேக்கு வந்தது அதுவே முதற்தடவையன்று. அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்னர், 1961 ஒக்டோபரிலும் அக்கழகம் இங்கு வந்திருந்தது. எதிர்த்து நின்றது இந்நகரின் மற்றொரு பழம்பெரும் கழகமான பி. 1913.

அக்காலத்து ரியல் மாட்ரிட் அணியின் பெருமை இருவர் பெயரிலே தங்கியிருந்தது. ஒருவர் ஆர்ஜென்டீனாவில் பிறந்த அல்பிரெடோ டி ஸ்டெபானோ. மற்றவர் ஹங்கேரியரான பெரென்ஸ் புஸ்காஸ். இரண்டாமவர் ஒரு நாடோடியாக, சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாதவராக மாட்ரிட் வந்து சேர்ந்தவர். அவருடைய ஆட்டத்திறனைப் பற்றி எழுதியோர் பலர். அகதியாக அவர் வாழ்ந்த வாழ்வும், அவரோடு விளையாடிய தோழர்கள் திரும்புவதா தங்குவதா என்ற கேள்வியால் இருகூறாகப் பிரிந்த கதையும் நம்மவர் அறிந்துகொள்ள வேண்டியவை. அந்தக் கேள்வி நமக்கும் புதிதன்று.

கிஸ்பெஸ்டின் தம்பி

புஸ்காஸ் 1927 ஏப்ரலில் புடாபெஸ்டில் பிறந்தார். அவருடைய குடும்பம் ஜெர்மானிய வழி வந்தது. குடும்பப் பெயர் புர்ட்செல்ட் என்பதாகும். 1937இல் தந்தையார் அதனைப் புஸ்காஸ் என்னும் ஹங்கேரியப் பெயராக மாற்றிக்கொண்டார். சிறுவன் வளர்ந்தது தலைநகரின் ஓரத்திலிருந்த கிஸ்பெஸ்ட் என்னும் தொழிலாளர் குடியிருப்பில். தந்தையார் அவ்வூர்க் கழகத்தின் ஆட்டக்காரராகவும் பின்னர் பயிற்றுநராகவும் விளங்கியவர். எனவே மைதானமே சிறுவனின் முற்றமாயிற்று.

பக்கத்து வீட்டில் யோசப் போசிக் என்னும் இன்னொரு சிறுவன் இருந்தான். இருவரும் ஒரே தெருவில் பந்துதைத்து, ஒரே கழகத்திற் சேர்ந்து, பின்னர் ஒரே தேசிய அணியிலும் விளையாடினர். கழகத்தில் முறைப்படி பதிவு செய்வதற்கு வயது போதாதிருந்தமையால் புஸ்காஸ் சிறிது காலம் மிக்லோஸ் கோவாச் என்னும் புனைபெயரில் ஆடினார். 1943இல், இன்னும் பதினேழு வயது நிரம்பாத நிலையில், கிஸ்பெஸ்ட் முதலாம் அணியில் இடம்பெற்றார். போர் முடிந்தவுடன், 1945 ஓகஸ்ட் 20ஆம் நாள், ஒஸ்திரியாவுக்கு எதிராகத் தேசிய அணியில் முதன்முறையாகக் களமிறங்கி ஒரு கோலும் போட்டார்.

ஹங்கேரிய மக்கள் அவரை ஓச்சி என்று அழைத்தனர். நம் மொழியிற் சொல்வதாயின் தம்பி என்று பொருள். உயரம் குறைந்தவர், உடல் பருத்தவர், தலையால் முட்டி ஆடுவதில் நாட்டமில்லாதவர், வலது காலைப் பெரும்பாலும் ஊன்றி நிற்பதற்கே பயன்படுத்தியவர். ஆனால் அந்த இடது காலுக்கு ஈடாக இன்னொரு கால் அந்தத் தலைமுறையில் இருந்ததில்லை என்பது அவரை எதிர்த்து ஆடியோர் பலரும் ஒப்புக்கொண்ட உண்மை.

பந்தாடும் இராணுவத்தினர்

1949இல் கிஸ்பெஸ்ட் கழகத்தை ஹங்கேரியப் பாதுகாப்பு அமைச்சு தன்வசப்படுத்தியது. ஊர்ப்பெயர் அகன்று ஹொன்வேட் என்னும் பெயர் வந்தது. தாயகத்தைக் காப்பவன் என்பது அச்சொல்லின் பொருள். கட்டாய இராணுவ சேவை என்ற பெயரால் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை ஓரணியிற் குவிப்பதற்கு அது வசதியாயிற்று. சாண்டோர் கொச்சிஸ், சொல்தான் சிபோர் ஆகியோர் இவ்வாறு புஸ்காஸோடும் போசிக்கோடும் வந்து சேர்ந்தனர். ஆட்டக்காரர்களுக்கு இராணுவப் பதவிகள் அளிக்கப்பட்டன. காலப்போக்கில் புஸ்காஸ் மேஜர் ஆனார். படை நடத்தாத இந்த மேஜரைப் பாயும் மேஜர் என்று ஆங்கிலேயப் பத்திரிகைகள் வருணித்தன.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். மக்கள் அச்சத்திலும் பற்றாக்குறையிலும் வாழ்ந்த அக்காலத்தில் இவ்வணியினர் அரசின் செல்லப்பிள்ளைகளாக இருந்தனர். வெளிநாடு சென்றுவரும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. திரும்பி வரும்போது அவர்கள் கொண்டுவந்த பொருள்களைச் சுங்க அதிகாரிகள் கண்டும் காணாதது போல விட்டனர். புஸ்காஸ் அரசியல் எதிர்ப்பாளராக வாழ்ந்தவரல்லர். அவரை அகதியாக்கியது கொள்கையன்று; காலத்தின் திருப்பமே.

அந்த அணியின் சாதனைகள் வியப்பூட்டுபவை. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம். 1953 நவம்பர் 25ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை 6–3 என வென்றது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியேயிருந்து வந்து, இங்கிலாந்தை வெம்பிளியில் வீழ்த்திய முதலாவது அணி அது. ஹிடெக்குட்டி மூன்று கோல்களையும் புஸ்காஸ் இரண்டையும் போசிக் ஒன்றையும் போட்டனர். எதிரணித் தலைவர் பில்லி ரைட் பாய்ந்து வந்தபோது புஸ்காஸ் பந்தைத் தம் காலடியாற் பின்னே இழுத்து, அவர் வெற்றிடத்தைக் கடந்து சென்றபின் கோல் போட்ட காட்சி இன்றும் படச்சுருள்களில் உள்ளது. ஆறு மாதங்களின் பின் புடாபெஸ்டில் நடந்த மறு ஆட்டத்தில் ஹங்கேரி 7–1 என வென்றது.

நான்கு ஆண்டுகளாகத் தோல்வி காணாத அந்த அணி 1954 ஜூலை 4ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் உலகக்கிண்ண இறுதி ஆட்டத்துக்கு வந்தது. முன்னைய ஆட்டமொன்றிற் கணுக்காலில் ஏற்பட்ட காயத்துடன் புஸ்காஸ் ஆடினார். முதல் எட்டு நிமிடங்களில் அவரும் சிபோரும் ஆளுக்கொரு கோல் போட்டனர். பின்னர் மேற்கு ஜெர்மனி மூன்று கோல்களைப் போட்டது. இறுதி நிமிடங்களில் புஸ்காஸ் போட்ட கோலை நடுவர் ஓவ் சைட் எனத் தள்ளினார். 3–2 என்ற அந்தத் தோல்வியின் பின் புடாபெஸ்ட் வீதிகளில் மக்கள் கூடிக் கொந்தளித்தனர். வெளிப்படப் பேச முடியாத ஒரு சமூகம் உதைபந்தாட்டத்தைச் சாட்டாக வைத்துத் தன் கோபத்தைக் காட்டியது என்று பின்னாளில் வரலாற்றாசிரியர் சிலர் எழுதினர்.

கிண்ணத்தின் பிறப்பும் ஒரு புரட்சியும்

ஐரோப்பியக் கழகங்களுக்கான சுற்றுப்போட்டி பிறந்ததிலும் புஸ்காஸின் கழகத்துக்கு ஒரு பங்குண்டு. 1954 டிசெம்பரில் ஹொன்வேட் இங்கிலாந்து சென்று வூல்வர்ஹாம்ப்டன் அணியுடன் ஆடி 2–3 எனத் தோற்றது. அந்த ஒரு வெற்றியைக் கொண்டு தம் அணியே உலகிற் சிறந்தது என ஆங்கிலேயப் பத்திரிகைகள் முழங்கின. அதனை ஏற்க மறுத்த பிரெஞ்சு விளையாட்டு நாளேடான லெக்கிப்பின் ஆசிரியர் கேப்ரியல் அனோ, கழகங்களுக்கிடையே முறையான சுற்றுப்போட்டி ஒன்று நடத்தி முடிவு காணலாம் என்னும் திட்டத்தை முன்வைத்தார். 1955–56 பருவத்தில் 16 கழகங்களுடன் ஐரோப்பியக் கிண்ணம் தொடங்கியது. முதலாவது கிண்ணத்தை ரியல் மாட்ரிட் வென்றது. 1992 முதல் சம்பியன்ஸ் லீக் என்ற பெயரில் நடைபெறுவது அதன் தொடர்ச்சியே.

இரண்டாவது பருவமான 1956–57இல் ஹொன்வேட் முதன்முறையாகப் பங்குபற்றியது. எதிரணி ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோ. ஆட்டத்துக்கு முன்னரே வரலாறு குறுக்கிட்டது. 1956 ஒக்டோபர் 23ஆம் நாள் புடாபெஸ்டில் மாணவர் ஊர்வலமாகத் தொடங்கியது மக்கள் புரட்சியாக மாறியது. நவம்பர் 4ஆம் நாள் சோவியத் தாங்கிகள் நகருக்குட் புகுந்தன. அந்நாட்களில் புஸ்காஸ் சண்டையிற் கொல்லப்பட்டுவிட்டார் என்ற வதந்தியும் மேற்கு நாட்டுப் பத்திரிகைகளில் வெளிவந்தது. உயிரோடிருப்பவரைப் பற்றிய மரணச் செய்தியைத் தொலைவிலிருந்து கேட்பதன் வேதனையை நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஹொன்வேட் அணி நவம்பர் தொடக்கத்தில் நாட்டை விட்டுப் புறப்பட்டிருந்தது. நவம்பர் 22ஆம் நாள் பில்பாவோவில் 2–3 எனத் தோற்றது. மறு ஆட்டம் புடாபெஸ்டில் நடைபெற்றிருக்க வேண்டும். சொந்த ஊரில் ஆட முடியாமற் போகவே, பெல்ஜியத் தலைநகர் பிரஸல்ஸின் ஹேய்சல் அரங்கு அவர்களுடைய சொந்த மைதானமாக்கப்பட்டது. டிசெம்பர் 20ஆம் நாள் நடந்த அந்த ஆட்டத்தில் கோல் காப்பாளர் காயமுற்று வெளியேறினார். மாற்று ஆட்டக்காரரை இறக்குதற்கு அக்கால விதிகள் இடந்தரவில்லை. முன்னணி ஆட்டக்காரரான சிபோரே கோல் காக்க, பத்துப் பேருடன் போராடி 3–3 என்ற சமநிலைக்கு வந்தது ஹொன்வேட். மொத்தத்தில் 5–6. ஒரேயொரு கோலால் அவ்வணி போட்டியிலிருந்து வெளியேறியது. போட்டி முடிந்தது, போவதற்கு இடந்தான் முடிவாகவில்லை.

இரு வழிகள்

அணியினர் ஐரோப்பிய நகரங்களில் நட்புமுறை ஆட்டங்கள் ஆடினர். 1957இன் தொடக்கத்தில், ஹங்கேரியச் சங்கத்தினதும் பன்னாட்டுச் சங்கமான பீபாவினதும் தடையை மீறி, பிரேசிலுக்குச் சென்றனர். அப்பயணத்தில் அவர்களை வழிநடத்தியவர் பேலா குட்மன். புடாபெஸ்டிற் பிறந்த யூதரான இவர், நாஜிகளின் காலத்தில் உயிர்தப்பியவர். பல நாடுகளில் அலைந்து பழகியவர். இவரை இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் சந்திப்போம்.

பிரேசிலிலிருந்து ஐரோப்பா திரும்பியபோது ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டியதாயிற்று. போசிக் நாடு திரும்பினார். அவருடன் வேறு பலரும் திரும்பினர். புஸ்காஸ், கொச்சிஸ், சிபோர் மூவரும் திரும்பவில்லை. புஸ்காஸின் மனைவி எர்செபெட், நான்கு வயது மகளுடன் அந்தக் குளிர்காலத்தில் நடந்தே ஒஸ்திரிய எல்லையைக் கடந்திருந்தார். ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஹங்கேரியர் அவ்வாறு வெளியேறினர். அவர்களுள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டென்மார்க்கில் அடைக்கலம் பெற்றனர். அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டுச் சாசனத்தை 1952இல் முதலாவதாக உறுதிப்படுத்திய நாடு டென்மார்க் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. நாம் இந்நாட்டில் தட்டிய கதவை நமக்கு முன் தட்டியவர்கள் அவர்கள்.

திரும்பியவர் துரோகி, தங்கியவர் வீரர் என்று எழுதுவது எளிது. தங்கியவர் ஓடுகாலி, திரும்பியவர் தேசப்பற்றாளர் என்று எழுதுவதும் அவ்வளவு எளிதே. அன்றைய ஹங்கேரிய அரசு இரண்டாவது முறையில் எழுதியது. வெளியேறியோர் சிலர் முதலாவது முறையிற் பேசினர். போசிக்குக்கும் புஸ்காஸுக்கும் இவை இரண்டும் பொருந்தா. ஒருவரை ஊரும் உறவும் அழைத்தன. மற்றவரின் மனைவியும் மகளும் எல்லைக்கு இப்பால் நின்றனர். ஒரே தெருவில் வளர்ந்த இருவர், ஒரே மாதத்தில், நேரெதிரான இரு வழிகளிற் சென்றனர். இரண்டுமே நியாயமான வழிகள். இரண்டுக்கும் விலை இருந்தது.

புஸ்காஸ் இராணுவப் பதவி வகித்தவர். திரும்ப மறுத்தமை அவரைப் படையிலிருந்து ஓடியவராக்கியது. விளையாடுவதற்கும் பீபா தடை விதித்தது. ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் எந்தக் கழகத்துக்காகவும் அவரால் ஆட முடியவில்லை. வியன்னாவிலும் பின்னர் இத்தாலியின் கடற்கரை ஊரொன்றிலும் குடும்பத்துடன் காலங்கழித்தார். தொழில் செய்யத் தடை. நாளை என்ன என்று தெரியாத நிலை. உண்பதும் உறங்குவதுமான நாட்கள். உடல் ஏறத்தாழ 18 கிலோ பருத்தது. புகலிடத்தில் முதல் ஆண்டுகளை வேலையின்றிக் காத்திருப்பில் கழித்த எவருக்கும் அந்த உடல்நிலையும் மனநிலையும் புரியும்.

மாட்ரிட்டில் இரண்டாம் பிறப்பு

ஹொன்வேட் கழகத்தில் நிருவாகியாகவிருந்த எமில் ஓஸ்ரைஹர் அப்போது ரியல் மாட்ரிட்டிற் பணியாற்றினார். அவருடைய முயற்சியால் 1958இல் கழகத் தலைவர் சந்தியாகோ பெர்னபேயு புஸ்காஸை அணியிற் சேர்த்துக்கொண்டார். புஸ்காஸுக்கு அப்போது வயது 31. அக்காலத்து ஆட்டக்காரர் பலர் ஓய்வை எண்ணும் வயது. மொழி தெரியாது, மூச்சு வாங்காமல் ஓட முடியாது. சில மாதங்களிற் பருமனைக் குறைத்தார். ஸ்பானியர் அவரைப் பாஞ்சோ எனச் செல்லமாக அழைக்கத் தொடங்கினர். ஓச்சி என்ற பெயர் எல்லைக்கு அப்பால் நின்றுவிட, புதிய நாட்டில் புதிய செல்லப்பெயர் கிடைத்தது.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஸ்பானிய லீக்கில் நான்கு பருவங்களில் மிகுதியான கோல்களைப் போட்டவர் அவரே. 1961 முதல் 1965 வரை தொடர்ந்து ஐந்து முறை ரியல் மாட்ரிட் லீக்கை வென்றது. எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது 1960 மே 18ஆம் நாள் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டம். ஒரு இலட்சத்து இருபத்தேழாயிரத்துக்கு மேற்பட்டோர் பார்க்க, ரியல் மாட்ரிட் பிராங்பேர்ட் அணியை 7–3 என வென்றது. டி ஸ்டெபானோ மூன்று கோல். புஸ்காஸ் நான்கு கோல். இந்த ஆட்டத்துக்கு முன்னர் ஒரு சிக்கல் இருந்தது. 1954இன் தோல்விக்குப்பின், ஜெர்மானிய ஆட்டக்காரர் ஊக்கமருந்து உட்கொண்டிருந்தனர் எனப் புஸ்காஸ் குற்றஞ்சாட்டியிருந்தார். அதனால் அவர் ஆடும் எந்த அணியுடனும் ஜெர்மானியக் கழகங்கள் மோதக்கூடாது என அந்நாட்டுச் சங்கம் தடை விதித்திருந்தது. புஸ்காஸ் எழுத்து மூலம் மன்னிப்புக் கோரிய பின்னரே ஆட்டம் நடைபெற்றது.

அடுத்த பருவத்தில் ரியல் மாட்ரிட் அக்கிண்ணப் போட்டியில் முதன்முறையாக வெளியேற்றப்பட்டது. வெளியேற்றியது பார்சலோனா, அதில் ஆடியோர் கொச்சிஸும் சிபோரும். அவ்விருவரும் 1961 மே மாதம் இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது, அது நடந்த இடம் மீண்டும் பேர்ன் நகரின் அதே மைதானம். இருவரும் ஆளுக்கொரு கோல் போட்டும் பார்சலோனா தோற்றது, மீண்டும் அதே 3–2 கணக்கில். வென்ற பென்பிக்கா அணியின் பயிற்றுநர் பேலா குட்மன்.

புடாபெஸ்ட், ஒடென்சே, அம்ஸ்டர்டாம்

இவ்வாறு 1961–62 பருவம் தொடங்கியது. முதற் சுற்றுக்கான சீட்டுக் குலுக்கலில் ரியல் மாட்ரிட்டுக்கு வாய்த்த எதிரணி வாசாஸ். வாசாஸ் புடாபெஸ்ட் கழகம். 1961 செப்டெம்பரில் ரியல் மாட்ரிட் புடாபெஸ்டுக்குச் சென்று 2–0 என வென்றது. புஸ்காஸ் அப்பயணத்திற் செல்லவில்லை. அவருடைய கழகத் தோழர்கள் அவர் பிறந்த நகரின் விமான நிலையத்தில் இறங்கி, அவர் நடந்த வீதிகளிற் பேருந்திற் சென்று, அவரை வளர்த்த மக்களின் முன் ஆடித் திரும்பினர். அவர் மட்டும் அந்நகருக்குப் போக முடியாதவராக இருந்தார். அவர் வென்ற கிண்ணங்களை எண்ணுவோர் இந்த ஆட்டத்தைக் கணக்கிற் கொள்வதில்லை. அவருடைய வாழ்வை அறிய விரும்புவோர் இதிலிருந்தே தொடங்கவேண்டும்.

அதே வேளையில் ஒடென்சேயின் பி. 1913 கழகம் டென்மார்க்கின் சார்பில் அப்போட்டியில் இறங்கியிருந்தது. லக்ஸம்பேர்க்கின் ஸ்போரா அணியை அந்நாட்டில் 6–0 எனவும் இங்கு 9–2 எனவும் வென்று, மொத்தம் 15 கோல்களுடன் அடுத்த சுற்றுக்கு வந்தது. டென்மார்க்கில் 1978 வரை சம்பளம் பெற்று உதைபந்தாடும் முறை இருக்கவில்லை. எனவே ஐரோப்பாவின் மிகச் செல்வம் மிக்க கழகத்தை எதிர்கொண்டவர்கள் வேறு தொழிலால் வாழ்ந்துகொண்டு, ஆட்டத்தை ஆசைக்காக ஆடியவர்கள். ஒடென்சேயில் அவர்கள் 0–3 எனத் தோற்றனர். ஒரு வாரத்தின் பின் மாட்ரிட்டில் 0–9 எனத் தோற்றனர். கோல் கணக்கு இரக்கமற்றது. ஆயினும் ஒடென்சே மைதானத்தில் அந்த மாட்ரிட் அணியை மூன்று கோல்களுடன் நிறுத்தியது அவர்களுக்கு இழுக்கன்று.

ரியல் மாட்ரிட் தொடர்ந்து முன்னேறியது. யுவென்டசுடன் ஆளுக்கொரு வெற்றி. பாரிசில் மூன்றாவது ஆட்டம் நடத்தி 3–1 என வெல்லவேண்டியதாயிற்று. அரையிறுதியில் பெல்ஜியத்தின் ஸ்டான்டர்ட் லியேஜ் வீழ்ந்தது. 1962 மே 2ஆம் நாள் அம்ஸ்டர்டாமில் இறுதி ஆட்டம். எதிரணி பென்பிக்கா, அதன் பயிற்றுநர் குட்மன். ஐந்தாண்டுகளுக்கு முன் வீடற்ற ஹொன்வேட் அணியைப் பிரேசிலுக்கு நடத்திச்சென்றவரும், அந்த அணியின் தலைவரும் எதிரெதிரே நின்றனர். ஒருவர் போர்த்துக்கலின் பக்கம், மற்றவர் ஸ்பெயினின் பக்கம்.

இடைவேளைக்கு முன்னரே புஸ்காஸ் மூன்று கோல்களைப் போட்டார். வேறெந்த இறுதி ஆட்டத்திலும் அது வெற்றிக்குப் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் குட்மனின் அணி 5–3 என வென்றது. கடைசி இரு கோல்களைப் போட்டவர் யூசேபியோ என்னும் இருபது வயது இளைஞர். மொசாம்பிக்கில் பிறந்து, தொலைதூர நாட்டுக்கு ஆட வந்தவர். ஆட்டம் முடிந்ததும் புஸ்காஸ் தம் மேற்சட்டையைக் கழற்றி அவருக்குக் கொடுத்தார். மூத்தவர் ஒருவர் தம் இடத்தை இளையவருக்குக் கையளித்ததாகவே பார்த்தோர் அதனை எடுத்துக்கொண்டனர்.

அந்தப் பருவத்திலேயே ஸ்பானியக் குடிமகனாக அந்நாட்டுத் தேசிய அணியிலும் புஸ்காஸ் ஆடினார். 1962இல் சிலி நாட்டில் நடந்த உலகக்கிண்ணத்திலும் பங்குபற்றினார். ஹங்கேரிக்காக 85 ஆட்டங்களில் 84 கோல்கள் போட்டவர், ஸ்பெயினுக்காக ஆடிய 4 ஆட்டங்களில் ஒரு கோலும் போடவில்லை. முப்பத்தைந்து வயதை எட்டியவரிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமன்று. இருந்தும் அந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் சற்று நிற்கிறது.

திரும்புதல்

1966இல் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற புஸ்காஸ் பயிற்றுநரானார். 1971இல் கிரேக்கத்தின் பனதினைகோஸ் அணியை ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்றார். அந்த இறுதி ஆட்டம் நடந்தது, அவருக்குப் புகழ் தேடித்தந்த அதே வெம்பிளி அரங்கில். அயாக்ஸ் அணியிடம் 0–2 எனத் தோற்றது கிரேக்க அணி. பின்னர் சிலி, சவூதி அரேபியா, எகிப்து, பரகுவே, அவுஸ்திரேலியா என உலகின் பல மூலைகளிலும் பயிற்றுவித்தார். மெல்பேர்ன் நகரில் கிரேக்கக் குடியேற்றவாசிகள் அமைத்த கழகம் ஒன்றை 1991இல் அந்நாட்டின் வாகையராக்கினார். புலம்பெயர்ந்தோர் தம் ஊர்ப்பெயரையும் இனப்பெயரையும் தாங்கிய கழகங்களை ஏன் இவ்வளவு பற்றுடன் வளர்க்கிறார்கள் என்பதை அவருக்கு எவரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. குருநகரிலும் நாவாந்துறையிலும் மாலைப்பொழுதில் பந்துதைத்தவர்கள், கோடை விடுமுறையில் ஐரோப்பிய மைதானங்களில் அதே ஊர்ப்பற்றுடன் ஓடுவதைக் காணும் நமக்கும் அது தெரியும்.

1981 ஜூனில், நாட்டை நீங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டின் பின், புஸ்காஸ் முதன்முறையாகப் புடாபெஸ்டுக்கு வந்தார். பழைய ஆட்டக்காரர்களுக்கான காட்சி ஆட்டம் ஒன்றில் மக்கள் அரங்கம் என்னும் பெயர் கொண்ட பெரிய விளையாட்டரங்கில் அவர் இறங்கினார். 1953இல் அவ்வரங்கு திறக்கப்பட்டபோது ஆடிய அணியின் தலைவர் அவரே. 54 வயதுப் பருத்த மனிதரைக் காண மக்கள் திரண்டனர். பக்கத்து வீட்டுத் தோழன் போசிக் அவரை வரவேற்க அங்கிருக்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1978இல், அவர் மறைந்துவிட்டார். கொச்சிஸ் 1979இல் பார்சலோனாவில் இறந்தார். ஊர் திரும்பி வாழும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. சிபோர் ஆட்சி மாறியபின் ஹங்கேரிக்கு மீண்டு, 1997இல் அங்கேயே கண்மூடினார்.

1990களின் தொடக்கத்தில் புஸ்காஸ் ஹங்கேரிக்குக் குடிபெயர்ந்தார். 1993இல் சிறிது காலம் தேசிய அணியின் பயிற்றுநராகவும் இருந்தார். ஆயின் முதுமை அவரிடம் கொடிதாக நடந்துகொண்டது. 2000இல் அவருக்கு மறதி நோய் இருப்பது கண்டறியப்பட்டது. மக்கள் அரங்கத்துக்கு 2002இல் அவருடைய பெயர் சூட்டப்பட்டபோது, அவருடைய நினைவுகள் மெல்லக் கலைந்துகொண்டிருந்தன. 2006 நவம்பர் 17ஆம் நாள் புடாபெஸ்டில் அவர் காலமானார். அவர் திரும்பி வராததைக் குற்றமாகக் கண்ட அரசு மறைந்துவிட்டிருந்தது. அதன் பின்வந்த அரசு முழு இராணுவ மரியாதையுடன் அவரைப் புனித ஸ்தேவான் பேராலயத்தில் அடக்கம் செய்தது. ஆண்டுதோறும் உலகின் மிக அழகிய கோலுக்கு 2009 முதல் பீபா வழங்கும் விருதும் அவர் பெயரையே தாங்குகிறது.

இந்த மரியாதைகள் எல்லாம் உண்மையானவை. எனினும் அவை எவையும் 1961 செப்டெம்பரில் அவர் தவறவிட்ட பயணத்தை மீட்டுத் தரவில்லை. புகலிடம் அவருக்குத் தொழிலையும் புகழையும் கொடுத்தது. அதற்கு அவர் நன்றியுடையவராகவே வாழ்ந்தார். ஆனால் ஓர் அகதிக்கு அடைக்கலம் கொடுத்தோர் கொடுத்ததை மட்டும் எண்ணிவிட்டு, அவர் இழந்ததை எண்ணாமல் விடுவது பாதிக் கணக்கே. பெயர்பெற்றவருக்கே அந்நிலையெனில், பெயரறியாத இலட்சக்கணக்கானோரின் கணக்கை யார் எழுதுவது? அதேபோல, ஊரிலே தங்கியோரும் வெளியேறியோரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவதிற் செலவிடும் காலம், பிறகு சந்திப்பதற்கு வாய்ப்பில்லாத காலமாகவும் மாறிவிடலாம். 1978க்கும் 1981க்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகள் அதற்குச் சான்று.

புடாபெஸ்டில் பழைய மக்கள் அரங்கம் இடிக்கப்பட்டு, அதேயிடத்தில் 2019இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அதன் பெயர் புஸ்காஸ் அரங்கம். அதே நகரின் கிஸ்பெஸ்டில், இரு சிறுவர்களும் வளர்ந்த கழகத்தின் மைதானத்துக்கும் ஒரு பெயருண்டு. அது போசிக் அரங்கம். வெளியேறியவருக்கு ஒன்றும் திரும்பி வந்தவருக்கு ஒன்றுமாக, அந்த நகரம் இருவரையும் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.